இடப்பக்கத்து மணிக்கூண்டு

அந்தத் தெருவில் கதவு எண்ணைச் சொல்லி வீடு கேட்டால் தலையைச் சொறிவார்கள். மணிக்கூண்டு வீடு எது என்று கேட்டால் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் மணிக்கூண்டு எதுவும் கிடையாது. கூடத்துச் சுவரில் ஓர் அஞ்சல் தலையின் படம் இருந்தது. கதவில் பாதி அளவுக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டிய படம். வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும், பிறகுதான் உட்கார வேண்டும். இது பெரியக்கா வைத்த விதி.

பெரியக்கா நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வடிவியல் நடத்தியவர். கோணலான கோட்டையும் கூனிய முதுகையும் அவரால் சகிக்க முடியாது. அறுபத்தெட்டு வயதிலும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் பெயரைக் காப்பாற்றவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

அப்பா அரசு அச்சகத்தில் செதுக்குநர். ஐம்பது வருடங்களுக்கு முன் அந்த அச்சகம் 'கலையும் கட்டடமும்' என்ற தலைப்பில் பன்னிரண்டு அஞ்சல் தலைகளை வெளியிட்டது. ஒன்றில் கல்லில் வடித்த நாட்டியக்காரி, ஒன்றில் ஓவியம் தீட்டிய மண்டபக் கூரை, ஒன்றில் பழைய பாலம். பதினொன்றை மக்கள் நாக்கில் நனைத்து உறையில் ஒட்டி மறந்துபோனார்கள். பன்னிரண்டாவது, பொது நூலகத்தின் மணிக்கூண்டு. அதைச் செதுக்கியவர் அப்பா. அஞ்சல் தலை எவ்வளவு சிறியதோ அவ்வளவே சிறிய எஃகுத் தகட்டில், கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, முடி கனத்தில் கோடு கோடாகக் கீற வேண்டும். கை ஒரு தடவை வழுக்கினால் ஒரு மாத உழைப்பு போயிற்று. ஏழு மாதம் உட்கார்ந்து கீறினார். வானத்துக்கு மட்டும் நாற்பத்தொரு கோடுகள். வெளிநாட்டுக் கண்காட்சியில் அதற்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தின் எடையைவிடப் பெரியக்கா அதைப் பற்றிப் பேசும் பேச்சின் எடை அதிகம் என்று தம்பி மனைவி சொல்வதுண்டு. அடுப்படியில் வைத்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் சொல்வாள்.

தம்பிக்கும் அதே அச்சகம்தான், அப்பா உட்கார்ந்த அதே மேசைதான். பொன்விழாவை முன்னிட்டு அந்த மணிக்கூண்டு அஞ்சல் தலையை மறுபடியும் வெளியிட மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பழைய தகடு கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்தது. புதிதாக வெட்டும் வேலையைத் தம்பியிடம் கொடுத்தார்கள். அப்பாவின் வேலையைப் பிள்ளை செய்வதில் பெரியக்காவுக்கு மகிழ்ச்சிதான். அந்த மகிழ்ச்சி சரியாக ஒன்பது நாள் நீடித்தது.

பத்தாம் நாள் சாயங்காலம் தம்பி வேலையிலிருந்து நேராக அக்காவின் அறைக்கு வந்தான்.

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும்."

"மொதல்ல கையைக் கழுவிட்டு வா. மசியோட வந்து மெத்தைல உக்காராத."

கழுவிக்கொண்டு வந்தான். ஒரு பழைய புகைப்படத்தையும் அஞ்சல் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"நூலகத்து மணிக்கூண்டு எந்தப் பக்கம்க்கா இருந்துச்சு?"

பெரியக்காவின் இமை அசையவில்லை. "ஸ்டாம்ப்ல எந்தப் பக்கம் இருக்கு?"

"எடது பக்கம்."

"அப்புறம் என்ன கேள்வி."

"ஃபோட்டோல வலது பக்கம் இருக்கே. நானும் இருவது வருஷமா அந்த வழியாத்தான் பஸ்ல போறேன். வலது பக்கம்தான் இருந்துச்சு."

"நீ எந்தப் பக்கமா நின்னு பாத்தியோ."

"முன்னாடி நின்னுதான் பாத்தேன். பின்னாடி நின்னு பாக்க அது என்ன டூரிங் டாக்கீஸ் திரையா? கடிகாரத்தப் பாருங்க. அப்பா வெட்டறதுக்கு முன்னாடியே அது பத்து பத்துக்கு நின்னுபோச்சு. ஊருக்கே தெரியும். ஸ்டாம்ப்ல பாருங்க, ஒன்னு அம்பது. எண்ணு இல்லாத வெறும் கோடு போட்ட கடிகாரம், அதனால தப்பிச்சுது."

பெரியக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். பிறகு உட்கார்ந்து, "அப்பாவுக்குத் தெரியும்" என்றார்.

தம்பி இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தான்.

நடந்தது இதுதான். எஃகில் வெட்டுவது காகிதத்தில் இடம் வலமாகத் திரும்பி விழும். அதனால் செதுக்குகிறவர்கள் படத்துக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து வெட்டுவார்கள். அப்பாவும் அப்படித்தான் வைத்தார். ஆனால் அந்த ஒரு தடவை மட்டும், செதுக்குகிறவருக்கு உபகாரமாக இருக்கட்டும் என்று, அச்சகத்தில் மூலப்படம் வரைந்து தரும் வரைவு அறைக்காரர் படத்தை முன்கூட்டியே திருப்பி வரைந்து கொடுத்திருந்தார். கொடுத்தவர் சொல்லவில்லை. வாங்கியவர் கேட்கவில்லை. அவர் திருப்பியது சரி, இவர் திருப்பியதும் சரி. இரண்டு சரியும் சேர்ந்து மணிக்கூண்டை இடது பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. எழுத்துகளை வெட்டியது வேறொருவர். அவை ஒழுங்காக விழுந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஸ்டாம்ப் வெளிவந்த அன்னைக்கே அப்பா கண்டுபிடிச்சிட்டார். எங்கிட்ட மட்டும்தான் சொன்னார். யாராவது கேட்டா ஒத்துக்குவேன்னார். சாகற வரைக்கும் யாரும் கேக்கல."

"சரி, இப்ப நான் கேட்டுட்டேன். திருத்திடலாம்."

"திருத்தினா என்ன அர்த்தம்? அம்பது வருஷமா தப்பா இருந்துச்சுன்னு நாமளே டமாரம் அடிக்கறோம்னு அர்த்தம். எடது வலது தெரியாத வீடும்பாங்க. நான் ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வடிவியல் சொல்லிக்குடுத்தவடா."

"அதுக்காக..."

"மணிக்கூண்டே இப்ப இல்ல. எவன் போய் ஒப்பிட்டுப் பாக்கப்போறான்? இருக்கறபடியே வெட்டு."

மணிக்கூண்டு இப்போது இல்லை என்பது உண்மை. மூன்று வருடங்களுக்கு முன் இடி விழுந்து விரிசல் கண்டது. ஆபத்து என்று மாநகராட்சி அதை அடியோடு இறக்கிவிட்டது. ஊரே வருத்தப்பட்டது. பெரியக்காவும் வருத்தப்பட்டார். ஆனால் பல வருடங்களுக்குப் பின் அன்றைக்குத்தான் அவர் நன்றாகத் தூங்கினார்.

தம்பி முனகிக்கொண்டே போனான். இடது பக்கமே வெட்டத் தொடங்கினான். விஷயம் அதோடு முடிந்தது என்று பெரியக்கா நினைத்துக்கொண்டிருந்தபோது மாநகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மணிக்கூண்டைத் திரும்பக் கட்டப்போகிறார்களாம். அதற்கு ஒரு குழுவாம். புகழ்பெற்ற செதுக்குநரின் மூத்த மகள் என்ற முறையில் அவர் குழுவின் முன் வந்து சாட்சியம் அளித்துக் கௌரவிக்க வேண்டுமாம்.

"கூப்பிட்டிருக்காங்க பாத்தியா" என்று தம்பி மனைவியிடம் கடிதத்தை நீட்டினார்.

"பாத்தேன் அண்ணி. எந்தப் பக்கம்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

பெரியக்கா திடுக்கிட்டார். தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க. கௌரவிக்கக் கூப்பிட்டிருக்காங்க" என்றார்.

கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு போனார். நீள மேசையின் ஒரு பக்கம் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. பக்கத்தில் பொறியாளர். பெரியக்கா உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இந்த ஊரில் இன்னும் மரியாதை மிச்சமிருக்கிறது என்று பெரியக்காவுக்குப் பட்டது.

"அம்மா, எங்க நெலம என்னன்னா, பழைய வரைபடத்தக் கரையான் தின்னுடுச்சு" என்று தலைவர் ஆரம்பித்தார். "ஃபோட்டோ ஆயிரம் இருக்கு. ஆனா எல்லாம் தனியார் ஃபோட்டோ. கழுவறப்ப எவன் எந்தப் பக்கம் திருப்பினானோ, நாம கண்டமா? பொதுமக்களக் கேக்கலாம்னா ஆளுக்கொன்னு சொல்லுவாங்க. ஸ்டாம்ப் அப்படி இல்ல. அரசாங்கம் வெளியிட்டது. அதவிட என்ன ஆதாரம் வேணும்?"

"மணிக்கூண்டு எடது பக்கம்தான்னு தீர்மானத்துக்கு வந்துட்டோம்" என்றார் பொறியாளர். "அதுல ஒரு சௌகரியமும் இருக்கு. வலது பக்கத்த போன வருஷம்தான் வண்டி நிறுத்தத்துக்கு முப்பது வருஷக் குத்தகைக்கு விட்டோம்."

"எடது பக்கம் பெண்கள் படிப்பறை இருக்கே" என்றார் பெரியக்கா.

"இருக்கு. இடிச்சிடலாம்."

"இடிக்கறதா? அது கட்டடம் கட்டின நாள்லேருந்து இருக்கு. நானே அங்க உக்காந்து படிச்சிருக்கேன்."

பொறியாளர் லென்ஸை எடுத்து அஞ்சல் தலையின் மேல் பிடித்தார். "ஸ்டாம்ப்ல எடது பக்கம் படிப்பறை இல்லியேம்மா. அப்ப அது பின்னாடி வந்த ஆக்கிரமிப்புதான்."

அப்பா ஏழு மாதம் கீறிய அந்தக் குட்டிக் கட்டடம் நிஜக் கட்டடத்தின் கழுத்தில் கத்தி வைப்பதைப் பெரியக்கா கண்ணெதிரே பார்த்தார். வீட்டில் படிக்க இடமில்லாத எத்தனை பெண்கள் அந்த அறையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவரே அப்படிப் போனவர்தான்.

"ஒரே ஒரு கேள்விதான்" என்றார் தலைவர். "சும்மா பதிவுக்காக. உங்க அப்பா சரியாப் பாத்துத்தானே செதுக்கினார்?"

அப்பா உயிரோடு இருந்தவரை யாரும் கேட்காத கேள்வி. பெரியக்கா எழுந்து நின்றார்.

"அப்பா மாத்தி வெட்டிட்டார். மணிக்கூண்டு வலது பக்கம்தான் இருந்துச்சு."

பெரியக்கா ஒரு தாளை வாங்கி வரைந்து காட்டினார். இது எஃகு, இது காகிதம், இது கண்ணாடி. வரைவு அறைக்காரர் ஒரு தடவை திருப்பினார், அப்பா ஒரு தடவை திருப்பினார். எட்டாம் வகுப்புக்கு நடத்துகிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எட்டாம் வகுப்பாக இருந்தால் புரிந்துமிருக்கும்.

தலைவரின் கண்கள் கலங்கியிருந்தன. "பெரிய குடும்பம்னா இதுதான்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "அப்பாவோட புகழக்கூட வேண்டாம்னு தள்ளிவிடறாங்க. எவ்ளோ தன்னடக்கம்."

"தன்னடக்கம் இல்லைங்க. தப்பு."

"பாத்தீங்களா, திரும்பவும்."

"நான் சொல்றது உங்களுக்கு..."

"அம்மா, வெளிநாட்டுக்காரன் வெண்கலப் பதக்கம் குடுத்தானே, அவன் என்ன கண்ணு தெரியாதவனா?" என்றார் பொறியாளர். பெரியக்கா முப்பது வருடமாகக் கூடத்தில் விருந்தாளிகளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. ஒரு சொல்கூட மாறவில்லை.

தலைவர் கோப்பைப் புரட்டி ஒரு பத்திரிகை நறுக்கை எடுத்தார். "ஏழாவது ஆவணம். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி அஞ்சல் தலை சேக்கறவர் ஒருத்தர், இந்தப் படம் திரும்பி இருக்கோன்னு சந்தேகமா இருக்குன்னு பத்திரிகைக்கு எழுதினார். அதுக்கு நீங்க எழுதின பதில் இது. மூணு படத்தோட, தேற்றத்தோட. சந்தேகப்பட்டவர் மறுவாரமே மன்னிப்புக் கேட்டுட்டார். இந்த ஒரு கடிதத்த வெச்சுத்தான்மா நாங்க முடிவே எடுத்தோம்."

பெரியக்கா அந்த நறுக்கை வாங்கிப் பார்த்தார். நல்ல கடிதம். வாதத்தில் ஓர் ஓட்டையும் இல்லை. அப்பா போய் மூன்றாம் வருடம் எழுதியது. அப்பா காத்திருந்த கேள்வியை ஒரு மனிதர் கடைசியில் கேட்கத்தான் செய்திருந்தார். கேட்டவரின் வாயைப் பெரியக்காதான் அடைத்திருந்தார்.

"இத எழுதினப்ப நான் பொய் சொன்னேன்" என்றார்.

"அதெல்லாம் பதிவு பண்ண முடியாதும்மா" என்றார் தலைவர் அன்பாக. "உங்க குடும்பத்த அவமானப்படுத்த நாங்க யாரையும் விட மாட்டோம். உங்களையும் சேத்துத்தான்."

கையில் ஒரு பழத்தட்டைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தம்பியிடம், "வலது பக்கமா மாத்தி வெட்டு" என்றார்.

மாதிரித் தகட்டில் கீறிப் பழகிக்கொண்டிருந்த தம்பி லென்ஸைக் கழற்றினான். நடந்ததைக் கேட்டான். முதலில் சிரித்தான், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

"இனிமே எப்படிக்கா மாத்தறது? கட்டடமே எடது பக்கம் போகப்போகுது. அப்பா மாதிரி வெட்டினாத்தான் இப்ப சரி. நான் திருத்தினா நாளைக்கு எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும், மணிக்கூண்ட ஏன் தப்பான பக்கம் போட்டன்னு."

"அச்சகத்துக்கும் மாநகராட்சிக்கும் மனு குடுத்துப் பாக்கறேன்."

"குடுங்க" என்றான். பெரியக்கா எட்டு மனுக்கள் கொடுத்தார். தன்னடக்கத்தைப் பாராட்டி எட்டு பதில்கள் வந்தன.

ஒரு வருடத்தில் மணிக்கூண்டு எழும்பியது. படிப்பறை போயிற்று. அதன் மேசை நாற்காலிகளை மாடிப்படியின் கீழ் அடுக்கி வைத்தார்கள். புதிய கடிகாரத்தை ஓடவிடலாமா என்று பொறியாளர் கேட்டாராம். அஞ்சல் தலையில் ஒன்று ஐம்பது என்றிருப்பதால் அதிலேயே நிறுத்திவைக்க முடிவாயிற்று. திறப்பு விழாவும் மதியம் ஒன்று ஐம்பதுக்கு. உச்சி வெயிலில் பந்தல் போட்டார்கள். தம்பி வெட்டிய பொன்விழா அஞ்சல் தலையை அதே மேடையில் வெளியிட்டார்கள். ஐம்பது வருடங்களுக்கு முன்பே இந்தக் கட்டடத்தை இவ்வளவு துல்லியமாகச் செதுக்கிய மேதை என்று ஒருவர் அப்பாவைப் புகழ்ந்தார். துல்லியம்தான். செங்கலுக்குச் செங்கல் பொருந்தியது.

பெரியக்காவை மேடைக்கு அழைத்தார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்து, நேராக நின்று, "மணிக்கூண்டு வலது பக்கம் இருந்தது. எங்கப்பா மாத்தி வெட்டினார். அது தெரிஞ்சும் நான் மறைச்சேன்" என்றார். இதைவிடச் சுருக்கமாக அவர் வாழ்க்கையில் பேசியதில்லை. கூட்டம் கைதட்டியது. யாரோ ஒருவர் மாலையைக் கொண்டுவந்து போட்டார். முன்வரிசையில் தம்பி மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

பேச்சுகள் முடிய மூன்றரை மணியாயிற்று. பெரியக்கா மாலையை நாற்காலியில் கழற்றி வைத்துவிட்டு, வண்டிக்குக் காத்திராமல் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போனார். நூலகத்தின் வலது கோடிக்கு நேர் எதிரே ஒரு பெண் கிழிந்த குடையை விரித்துக்கட்டி, அதன் கீழ் உட்கார்ந்து அரத்தால் மாற்றுச் சாவி அறுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முகமெல்லாம் வியர்வை.

"மைக்ல வலது பக்கம்னு சொன்னது நீங்கதானே" என்றாள் நிமிராமல்.

"ஆமா."

"நீங்களாவது சொன்னீங்க. இங்க எங்கம்மா காலத்துலேருந்து ஒக்காந்திருக்கோம். மூணு மணிக்கு மேல மணிக்கூண்டு நிழல் நேரா இங்கதான் விழும். இப்பப் பாருங்க, அந்தக் கோடில செருப்புக் கடைக்காரர் குளுகுளுன்னு ஒக்காந்திருக்காரு. குழுகிட்டப் போய்ச் சொன்னேன். நிழல் ஆவணமாகாதுன்னு அனுப்பிட்டாங்க."

"அதுக்குக் காரணம் எங்கப்பாதான். மாத்தி வெட்டிட்டார்."

சாவிக்காரப் பெண் அரத்தை நிறுத்தினாள். சாவியின் மேல் படிந்த தூளை ஊதினாள்.

"மாத்தி வெட்டிட்டாரா? வெட்டறவங்கதானே மாத்தி வெட்ட முடியும். போன வாரம் நானும் ஒருத்தர் பீரோ சாவிய மாத்தி அறுத்துட்டேன். வந்து கேட்டார். ஆமாங்க, தப்பாயிடுச்சுன்னேன். வேற போட்டுக் குடுத்தேன்."

"அவர் ஒன்னும் சொல்லலியா?"

"என்ன சொல்லுவார்? பீரோ தொறந்துச்சு, போயிட்டார்." ஒரு நொடி பெரியக்காவைப் பார்த்தாள். "ஏன் வெயில்ல நிக்கறீங்க? இப்படிக் குடைக்குள்ள வாங்க."

பெரியக்கா ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். குடை இரண்டு பேருக்குப் போதவில்லை. ஆளுக்கு ஒரு தோள் வெளியே இருந்தது.

"நிழல் போனாப் போவுது டீச்சர்" என்றாள் அந்தப் பெண். அவர் டீச்சர் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொண்டிருந்தாள். "என் பொண்ணு அந்த ரூம்லதான் படிச்சிட்டிருந்தா. இப்ப மாடிப்படிக்குக் கீழ நின்னுகிட்டுப் படிக்கறா. அந்த ரூமையாவது வேற எங்கயாவது கட்டித்தரச் சொல்லி ஒரு மனு எழுதணும். எனக்கு அந்தக் குழுக்காரங்க பாஷை வராது."

பெரியக்கா கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார். விழா அழைப்பிதழின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதை மடியில் வைத்து, 'என் அப்பா எஃகில் செய்த ஒரு தவறாலும், நான் காகிதத்தில் செய்த பெரிய தவறாலும் இந்த ஊர்ப் பெண்கள் தங்கள் படிப்பறையை இழந்திருக்கிறார்கள்' என்று முதல் வரியை எழுதிப் படித்துக் காட்டினார்.

"நல்லா இருக்கு" என்றாள் சாவிக்காரப் பெண், அரத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு. "எழுத்த மட்டும் கொஞ்சம் பெரிசாப் போடுங்க டீச்சர். அவங்களுக்குக் கண்ணு அவ்வளவா தெரியறதில்ல."